கையசைத்தால் எரியும் விளக்கு

மழை மூட்டமான காலை. மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு இப்போதே கிளம்பவேண்டிய மகளின் சட்டை. ஒரு கையை முடித்து மறு கைக்கு வந்ததும் பெட்டி அணைகிறது. பயப்படாதீர்கள், மின்வெட்டு இல்லை. அந்த வீட்டில் ஒரு மின்சிக்கனர் இருக்கிறார்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் மின்விசிறியை அணைக்க எழுந்தாவது போவார். இப்போது சுவருக்குச் சுவர் சென்சார், செல்பேசியில் செயலி, எல்லாவற்றையும் மேய்க்க ஒரு ஏஐ என்று வைத்துக்கொண்டு, சோபாவில் சாய்ந்தபடியே சிக்கனம் செய்கிறார். ஆள் அசையாவிட்டால் அறை காலி என்று விளக்கு அணைந்துவிடும். அதனால் அந்த வீட்டில் புத்தகம் படிப்பவர்கள் பக்கத்துக்கு ஒருமுறை கையை ஆட்டுவார்கள். எதிர்வீட்டுக்காரர் பாவம், மரியாதைக்குப் பதிலுக்கு ஆட்டி ஆட்டியே தோள்வலி கண்டவர்.

"என்னங்க, பெட்டி அணைஞ்சு போச்சு."

"நான் அணைக்கல. ஏஐ அணைச்சிருக்கு. ஊரே கரண்ட் இழுக்கிற நேரமாம். மத்தியானம் போட்டுக்கச் சொல்லுது."

"அப்ப இன்டர்வியூவையும் மத்தியானம் வச்சுக்கச் சொல்லி அதையே போன் பண்ணச் சொல்லுங்க."

மகள் எட்டிப் பார்க்கிறாள். "ஏம்ப்பா, ஒரு கை மொறுமொறுன்னு இருக்கு, ஒரு கை கசங்கியிருக்கு. நான் ஒரு பக்கமாவே திரும்பி உட்காரணுமா?"

"இந்த வீட்ல யாரோ கரண்டை மொடாக்குடி குடிக்கிறீங்க. அதான் அது இஸ்திரில கை வைக்குது. இருங்க, யாருன்னு கேக்கிறேன்."

கேட்கிறார். ஏஐ ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது: பின்னறை.

பின்னறையில் யார்? சிக்கனத்தைக் கணக்கிடுவதற்கென்றே அவர் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர். இரவும் பகலும் ஓடுகிறது. சூடாகிவிடக் கூடாதே என்று அதற்கு மட்டும் தனி ஏசி. வீட்டு மனிதர்களுக்கு விசிறிதான்.

"அதை அணைச்சிடலாமா?" என்கிறாள் மனைவி.

"மூளையை யாராவது அணைப்பாங்களா?"

சிரிக்கிறீர்களா? நல்லது. குளியலறை விளக்கை அணைக்கவில்லை என்று நேற்று நீங்கள் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கினீர்களே, அப்போது உங்கள் அறையில் யாருக்காக டிவி ஓடிக்கொண்டிருந்தது?

மனைவி சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுப் பக்கம் நடக்கிறாள்.

"மழை வர்ற நேரத்துல எங்க கிளம்பிட்டே?"

அவர் அசையாமல் நின்று யோசிக்கிறார். விளக்கு அணைகிறது. கையைத் தூக்கி ஆட்டுகிறார். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு கை, வலியோடு, திருப்பி ஆட்டுகிறது.