மான் தொடையும் நல்லி எலும்பும்

நாலாங் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டன எத்திராஜு, ஒரு ஞாயித்துக்கெழம காலீல, ஆவடி கோவில்பதாகை ஊட்ல நடு ஹால்ல நின்னுகினு ஒரு சபதம் போட்டான்.

"கன்னிமா, நான் சரித்திர நாவலு எழுதப் போறேன்."

பொண்டாட்டி கன்னியம்மா வெங்காயம் உரிச்சிகினு இருந்தா. கண்ணுல தண்ணி. அது வெங்காயத்துக்கா நாவலுக்கான்னு அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"எந்த ஊரு சரித்திரம்யா?"

"ஸ்காட்லாந்து. எழுநூறு வருசத்துக்கு முந்தி."

"ஏன், ஆவடில கெடைக்கலியா?"

"எது?"

"சரித்திரம்."

எத்திராஜு காலரத் தூக்கி உட்டுகினான். பெரிய எழுத்தாளன்னா நாலு பேரு நாலு பேசத்தான் செய்வாங்க.

ஆளு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு துணி கம்பெனில கட்டிங் மாஸ்டர். போன மாசம் கட்டம் போட்ட துணி லோடு லோடா வந்து எறங்கிச்சி. சூப்பர்வைசர் ஸ்ரீநாத் சும்மா இல்லாம, "அண்ணே, இது ஸ்காட்லாந்து கட்டம். அங்க குலத்துக்கு ஒரு கட்டம். துணியப் பாத்தே ஆளு எந்த குலம்னு சொல்லிடுவாங்க"ன்னு ஒரு பிட்டப் போட்டான். அவ்ளோதான். நம்மூர்ல கட்டம் போட்ட லுங்கி கட்டிகினு பேங்குக்குப் போனா வாச்மேனே உள்ள உடமாட்டான், அங்க தலைவனுங்களே இடுப்புல சுத்திகினு சண்டைக்குப் போயிகீறானுங்களேன்னு எத்திராஜுக்கு புல்லரிச்சிப் போச்சி.

ஒரு மாசம் ஆராய்ச்சி. வீடியோ மேல வீடியோ. ஆராய்ச்சி ரொம்பி அவன் போன்ல ஒரு போட்டோ எடுக்கக்கூட எடமில்ல. அந்த மலநாட்டுல மழ, பனி, குளிரு. ஒரு குலத்துக்காரன் இன்னொரு குலத்தோட மாட்ட ஓட்டிகினு போவான். அவன் வந்து இவன் ஊட்டக் கொளுத்துவான். ஒரு தபா பக வந்துட்ச்சின்னா தாத்தன் ஆரம்பிச்சத பேரன் வரைக்கும் இழுப்பானுங்க.

இந்தக் கடைசி மேட்டருதான் எத்திராஜு நெஞ்சுல பசக்குன்னு ஒட்டிகிச்சி. ஏன்னா, அவன் கையில ஒரு பக ரெடியா இருந்துச்சி.

மச்சான் தமிழரசு. கன்னியம்மாவோட கூடப் பொறந்த ஒரே அண்ணன். நெமிலிச்சேரில ஊடு. ஆவடில ரயிலு ஏறனா மூணாவது ஸ்டேஷன். நாலு வருசம் முந்தி அவன் புள்ளைக்கி பொறந்தநாளு பிரியாணி போட்டான். அண்டால இருந்தது ஒரே ஒரு நல்லி எலும்பு. அத்த எடுத்துகினு வந்த தமிழரசு, ஊட்டு மாப்ள தட்டத் தாண்டிப் போயி, பக்கத்துல குந்திகினு இருந்த அவங்க கம்பெனி ஃபோர்மேன் தட்டுல வெச்சான். எத்திராஜு தட்டுல உயுந்தது கத்திரிக்கா.

எழுந்தவன்தான். கை கூட கயுவல. "இனிமே அவன் என் வாசப்படி மிதிக்கக்கூடாது."

இதுல மாட்டிகினது பாப்பா நிவேதிதா. அஞ்சு வயசு ஆவப் போவுது, இன்னும் காது குத்தல. தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சித்தான் குத்தணும். இருக்குறதோ ஒரே தாய்மாமன். பாப்பா தெனம் ரெண்டு காதுலயும் ஸ்டிக்கர் பொட்ட ஒட்டிகினு, "அப்பா, என் கம்மலு சூப்பரா கீதா?"ன்னு கேக்கும். எத்திராஜு மூஞ்சத் திருப்பிக்குவான்.

கன்னியம்மா ஒரு வருசம் கெஞ்சனா. ஒரு வருசம் அயுதா. அப்பறம் அந்த மேட்டர்ல வாயத் தொறக்கவே இல்ல. எத்திராஜு ஜெயிச்சிட்டோம்னு நெனச்சிகினான். பொண்டாட்டி பேச்ச நிறுத்திட்டா புருசன் தோத்துட்டான்னு அர்த்தம். கல்யாணமாயி ஏழு வருசத்துல இது கூட தெரில அந்த மக்குக்கு.

"நாலாங் கிளாஸ் எழுத்த வெச்சிகினு எப்டியா எழுதுவ?"ன்னு கேட்டா கன்னியம்மா.

"நான் சொல்றேன், நீ எழுது. பத்தாவது பாஸுதான நீ?"

"வேல கெடக்குது. என் போன்ல பேசி வெய்யி. கேட்டு கேட்டு எழுதிக்கிறேன்."

இவ்ளோ சீக்கிரம் ஒத்துகினாளேன்னு அவன் சந்தேகப்பட்டிருக்கணும். படல. நீளமான நோட்டு ஒன்னு வாங்கிகினு வந்து குடுத்தான்.

ரெண்டாவது அத்தியாயத்துலயே இடி உயுந்திச்சி. குலத்துக்கு ஒரு கட்டம்ன்றதெல்லாம் ரொம்ப பின்னாடி வந்த பழக்கம்னு ஒரு வீடியோக்காரன் சொல்லிட்டான். எத்திராஜுக்கு சோறு எறங்கல.

"இதுக்கு இன்னாத்துக்கு ஒப்பாரி? கட்டத்த அழிச்சிட்டு சாதா துணியக் குடு"ன்னா கன்னியம்மா. கத பொழச்சிது.

நாலாவது அத்தியாயத்துல கல்யாணம். மாக் கில்லாரி குலத்தோட தலைவன், அதே குலத்துப் பொண்ணு மேல லவ்வு.

"யோவ்! ஒரே குலம்னா பங்காளிங்க. அந்தப் பொண்ணு தங்கச்சி மொற ஆவுது. தூ!"

"அந்த ஊர்ல அதெல்லாம் பாக்கமாட்டாங்கமே."

"படிக்கிறவங்க இந்த ஊர்ல கீறாங்க. பொண்ண வேற குலத்துலேந்து எடு."

எதிரி குலம் மாக் தோர்வன்லேந்து பொண்ணு வந்துச்சி. பொண்ணு வந்தா கூடவே ஒரு அண்ணனும் வந்துதான ஆவணும்? எதிரித் தலைவன் ஹீரோவுக்கு மச்சானாயிட்டான். எத்திராஜுக்கு குஷி தாங்கல. ஒம்பதாவது அத்தியாயத்துல அந்த மச்சான் விருந்து வெக்கிறான். ஹீரோவுக்குச் சேரவேண்டிய மான் தொடைய எவனோ ஒரு ஊர்பேர் தெரியாத தளபதி தட்டுல வெக்கிறான். ஹீரோ கத்திய உருவிடறான். மூணு அத்தியாயம் ரத்த ஆறு.

பன்னெண்டோட கத நின்னுப்போச்சி. எல்லாரும் செத்துட்டாங்க. ஹீரோவும் மச்சானும் மட்டும் மிச்சம்.

"இப்ப இன்னா பண்றதுன்னே தெரிலமே. மண்ட காயுது."

கன்னியம்மா தலைய சாய்ச்சிகினு யோசிச்சா. "அவங்க பாஷையில குலத்துக்கு இன்னா பேருன்னு சொன்ன?"

"க்ளான். புள்ளைங்கன்னு அர்த்தமாம்."

"அர்த்தமே புள்ளைங்க. உன் கதையில ஒரு புள்ள கூட இல்லியேய்யா. ஹீரோவுக்கு ஒரு பொண்ணு வெய்யி. அந்தப் பொண்ணுக்கோசரம் மச்சானுக்கு ஒரு லெட்டர் போடறான்னு வெய்யி."

எத்திராஜு எழுந்து நின்னுட்டான். "செம்மமே!"

பொண்டாட்டி போன எடுத்து ரெக்கார்டு பட்டன அமுக்கனான். தொண்டையக் கனச்சான். "மாக் தோர்வன் குலத் தலைவா..."

"நிறுத்து. கட்டனவளோட அண்ணன எவனாவது பட்டம் போட்டு கூப்புடுவானா? மச்சான்னு சொல்லு. அழுத்தமா."

"மச்சான்... நாப்பது வருசமா..."

"நாப்பதுன்னா ஹீரோ கெயவனாயிடுவான். நாலு போதும்."

"மச்சான், நாலு வருசமா ஒரு மான் தொடைக்கோசரம்..."

"கறின்னு பொதுவா சொல்லு. எல்லாரும் மான் துன்னுகீறாங்களா இன்னா?"

பாரேன், எழுத்தப் பத்தி இவளுக்கு எவ்ளோ தெரிதுன்னு எத்திராஜுக்குப் பெருமையா இருந்துச்சி. நாலாவது தபா ஆரம்பிச்சான். இந்த தபா கொரலு தானா ஒடஞ்சிது.

"மச்சான், நாலு வருசமா உன் மூஞ்சில முயிக்கல. நான் துன்னாத ஒரு துண்டு கறி, இன்னும் என் வவுத்துல செரிக்காம கீது மச்சான். தப்பு என்னுதுதான். பெரியவன் நீ, மனசுல வெச்சிக்காத. எம் பொண்ணு உன் மடியில குந்தணும். நீ வராம அவளுக்கு எந்த நல்லதும் நடக்காது. ஊட்டுக்கு வா மச்சான்."

பேசி முடிச்சிட்டு துண்டால மூஞ்சத் தொடச்சிகினான். கத சொல்லிட்டு கண்ணு கலங்கனது அவனுக்கே ஒரு மாதிரியா இருந்துச்சி. கன்னியம்மா கைய நீட்டனா. போன வாங்கி இடுப்புல சொருவிகினு உள்ள போய்ட்டா.

அடுத்த ஞாயித்துக்கெழம காலீல வாசல்ல ரெண்டு ஆட்டோ நின்னுச்சி. தாம்பாளம் தாம்பாளமா எறங்குது. பழம், பூவு, வளையலு, பட்டுப் பாவாட. கடைசியா எறங்கனது தமிழரசு. கண்ணு ரெண்டும் செவந்து கீது.

"மாப்ள!"

எத்திராஜு சபதத்த ஞாபகம் பண்ணிகினு வாசப்படியில குறுக்க கைய வெச்சான். அதுக்குள்ள தமிழரசு தன் போன எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜ தட்டனான். "மச்சான், நாலு வருசமா உன் மூஞ்சில முயிக்கல..." எத்திராஜு கொரலு. எத்திராஜு விசும்பலு.

திரும்பி பொண்டாட்டியப் பாத்தான். வெங்காயம் உரிச்சிகினு இருந்தா. ஒரு பக்கெட் வெங்காயம். அம்பது பேரு சாப்பாட்டுக்கு ஆவும்.

அது நாவலுய்யான்னு சொல்ல வாயத் தொறந்தான். தமிழரசு முந்திகினான்.

"எங்க கம்பெனில மிஷினாண்ட நின்னு இத்த கேட்டேன் மாப்ள. தாங்கல. எங்க ஷிஃப்டே சுத்தி நின்னு கேட்டு அயுதுட்ச்சி."

எத்திராஜு வாசப்படியில வெச்ச கை லேசா எறங்கிச்சி. "ஷிஃப்டுன்னா... எத்தினி பேரு?"

"முப்பது பேரு இருப்பாங்க. அந்த ஃபோர்மேன் கூட. 'செரிக்காம கீது'ன்ற எடத்துல அவரு வெளிய எழுந்தே போய்ட்டாரு."

மொத கத. மொத லெட்டர். முப்பது பேரு கண்ணீரு. எந்த எழுத்தாளன்தான் அது என்னுது இல்லன்னு சொல்லுவான்?

"உள்ள வா மச்சான்"ன்னான் எத்திராஜு.

தாய்மாமன் மடியில பாப்பா குந்திச்சி. மொத காதுக்கு தெருவே அதிர்ற மாதிரி கத்திச்சி. ரெண்டாவதுக்கு மாமன் சட்டையக் கடிச்சிது. அப்பறம் கண்ணாடியப் பாத்துட்டு, அதுல ஒட்டி வெச்சிருந்த ஸ்டிக்கர் பொட்டு ரெண்டையும் எடுத்து மாமன் காதுல ஒட்டிட்ச்சி. எத்திராஜு சிரிச்சான். சிரிச்சிகினே ஓரமாப் போயி கண்ணத் தொடச்சான். பந்தில தமிழரசே வந்து, அண்டாலேந்து நல்லி எலும்ப எடுத்து அவன் எலையில வெச்சான். மனசு அப்டியே நெறஞ்சிப் போச்சி. கட்டம் போட்ட துணிக்கி ஒரு கும்புடு, ஸ்ரீநாத்துக்கு ஒரு கும்புடு, ஸ்காட்லாந்து பனிக்கி ஒரு கும்புடு. கன்னியம்மாவுக்கு மட்டும் நேர்ல சொல்ல வெக்கமா இருந்துச்சி.

எல்லாரும் கெளம்பனப்பறம் தைரியம் வந்து சொன்னான். "டாங்க்ஸ்மே. இருந்தாலும், என் எழுத்தோட பவரப் பாத்த இல்ல? நான் அந்த லெட்டர சொல்லலன்னா உனக்கு இந்த ரோசனையே வந்திருக்காது."

"ஆமாய்யா, ஆமா"ன்னு நோட்ட கையில குடுத்தா கன்னியம்மா.

முன்பக்கம் பதிமூணு அத்தியாயம், முத்து முத்தா எழுதி கீது. ஆசையா தடவிப் பாத்தான். நோட்டத் திருப்பி பின்பக்கம் தொறந்தான். 'பாப்பா காதுகுத்து'ன்னு தலப்பு. கூப்புட வேண்டியவங்க பேரு வரிசையா. மொதப் பேரு தமிழரசு. மேல ஓரத்துல தேதி. மொத அத்தியாயம் ஆரம்பிச்ச அதே ஞாயித்துக்கெழம.

அடியில ஒரு வரி, செவப்பு இங்க்குல: 'நல்லி எலும்பு ஒன்னு, தனியா. ஹீரோவுக்கு. எங்கண்ணன் கையால.'