கீழே வைக்க முடியாத வாளி

அடிப்பாகம் உருண்டையான வாளியை எந்த வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் நான்கு இருந்தன. எல்லாம் பழைய தீயணைப்பு நிலையத்து வாளிகள். அடி உருண்டை என்றால் தரையில் நிற்காது. நிற்காததை எவரும் வீட்டு வேலைக்குத் தூக்கிப்போக மாட்டார்கள். அதனால் தீப்பிடிக்கும் நேரத்தில் வாளி சுவர் ஆணியிலேயே தயாராக இருக்கும். இதைப் பால்காரருக்குக்கூட விளக்கியிருக்கிறேன். அவர் இப்போது பாலை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்.

கூடவே பித்தளைத் தலைக்கவசம், கையால் சுற்றும் சைரன், பழைய ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர். விருந்தாளிகளுக்கு அதுதான் சோபா.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இதெல்லாம் போகணும். இல்லேன்னா பழைய இரும்புக்காரர் வருவார்" என்றாள் மனைவி.

"இது வரலாறுடி!"

"இருக்கட்டுங்க. எனக்கு உட்கார ஒரு நாற்காலி வேணும்."

ஒரு திட்டம் தீட்டினேன். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல் மூன்றின் வரலாற்றுக்கென்றே ஊரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. அதன் காப்பாட்சியரைத் தேநீருக்கு அழைத்தேன். படித்த மனிதர் வாயால் ஒரு பாராட்டு விழுந்தால் போதும், இரும்புக்காரர் பேச்சே எழாது.

வந்தார். ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தார். வாளியைக் குழந்தையைப் போலத் தடவினார். "விலைமதிக்க முடியாதும்மா இதெல்லாம்!"

மனைவியை வெற்றிப் பார்வை பார்த்தேன்.

"அய்யய்யோ, இவ்வளவு ஒசத்தியா? அப்ப இங்க கிடந்து துருப்பிடிக்கலாமா சார்? நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

"வேன் வாசல்ல ரெடியா நிக்குதும்மா. நேத்து நீங்க போன்ல சொன்ன மாதிரியே."

அடுத்த வாரம், துக்கம் விசாரிக்கப் போகிறவன் மாதிரி அருங்காட்சியகத்துக்குப் போனேன். என் வாளிகள் விளக்கு வெளிச்சத்தில் கல்யாணப் பெண்களாக ஜொலித்தன. எதிரே நின்ற ஓர் அம்மாள், "இது ஏன் உருண்டையா இருக்கு?" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கேள்வியை வாழ்க்கையில் ஒருவரும் தானாகக் கேட்டதில்லை. சொன்னேன். முழுவதும் கேட்டார். "அப்புறம் அந்த சைரன்?" என்றார்! வீட்டிலிருப்பவளுக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டேன். அவள் மட்டும் அன்று நாற்காலி கேட்காமல் இருந்திருந்தால்?

காப்பாட்சியர் வந்து என் சட்டையில் 'வழிகாட்டி' என்ற பட்டையைக் குத்தினார். "தினமும் வந்துடுங்க சார்."

"தினமுமா? வீட்டுல சம்மதிக்கணுமே."

"அவங்க போட்ட நிபந்தனையே அதுதானே சார். விளக்கம் சொல்றவரையும் வாளியோட சேர்த்து எடுத்துக்கணும், சாயங்காலத்துக்கு முன்னாடி திருப்பி அனுப்பக்கூடாதுன்னுட்டாங்க."