பாதை திறந்ததால் வந்த வினை

சண்டை முடிந்து கொழும்புப் பாதை திறந்தபோது எங்கள் பெரியகல்லாறு ஊரே கடவுளுக்கு நன்றி சொன்னது. நானும் சொன்னேன். வெடிச்சத்தம் இல்லாமல் சோறு தின்பது எவ்வளவு பெரிய சுகம்! ஆனால் அந்தச் சுகத்திலும் எனக்கு மட்டும் ஒரு நட்டம். சண்டையோடு சேர்ந்து நான் சொல்லித் தப்பிவந்த சாட்டும் முடிந்துவிட்டது.

என்ன சாட்டு என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் தண்ணீருக்குள் இறங்க வேண்டும்.

சுனாமி வந்த காலையில் நான் முன்விறாந்தையில் என் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். கடல் என்னைக் கதிரையோடு தூக்கியது. தென்னை வட்டு உயரத்தில் போகிறேன். பக்கத்தில் ஒரு பசு மிதந்து வருகிறது. "நீயுமா?" என்று என்னைப் பார்த்தது. நம்பாதவர்கள் அந்தப் பசுவையே விசாரிக்கலாம். பக்கத்து வீட்டுப் புஸ்பத்தின் பட்டியில்தான் இப்போதும் நிற்கிறது.

கதிரை நழுவிப் போனது. நான் புஸ்பத்தின் மாடி வைத்த தட்டு வீட்டுச் சுவரில் வந்து மோதினேன். அண்ணாந்தால், தட்டின்மேல் என் மனைவி சீதேவிப்பிள்ளை! மாரி மழையில் பூஞ்சணம் பிடித்த தன் கல்யாணக் கூறைச்சேலையை வெயிலில் காயப்போட அங்கே ஏறியிருந்தாள். சேலையின் ஒரு தலைப்பைக் கீழே எறிந்தாள்.

"புடியுங்க!"

பிடித்தேன். அவளும் புஸ்பமும் இழுத்தார்கள். பாதி வழியில் சேலை 'பர்ர்' என்றது. அப்படியான நேரத்தில் மற்றவர்கள் சாமிக்கு நேர்வார்கள். எனக்குக் கண்ணில் தெரிந்தவள் சீதேவிதான்.

"புள்ள! கொழும்புல வெள்ளைக்காரன் கட்டின விட்மோர் கடைக்கு உன்னக் கூட்டிப் போய்ப் புதுக் கூற வாங்கித் தருவன்! விட்டுராத!"

"முதல்ல ஏறுங்க. மறுகா கதைப்பம்."

ஏறினேன். சேலை இரண்டாகிவிட்டது. ஒரு பாதி என் கையில். மற்றப் பாதியைக் கடல் உடுத்திக்கொண்டு போனது.

விட்மோர் என்பது கவர்னரின் துரைசானிகள் தொப்பி வாங்கிய கடை. வாலிபத்தில் அதன் கண்ணாடியில் மூக்கை வைத்து நசுக்கிப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. போகும் எண்ணமும் இல்லை. ஆகவே சீதேவி கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "பாத சரியில்ல புள்ள. துறக்கட்டும், முதல் பஸ்ஸில கூட்டிப் போறன்."

என்னைக் கஞ்சன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் ஒரு ஏக்கம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் கட்டியவன் பெட்டியோடு வந்து ஏறுவான். நானும் ஒரு தகரப்பெட்டியோடு ஏறியவன். வீடு அவளது, வளவு அவளது, கிணறு அவளது, கிணற்றுக்குள் தெரிகிற நிலாவும் அவளது. எனக்கென்று இருந்தது அந்தச் சாய்மனைக் கதிரை மட்டும். வெள்ளம் வடிந்தபின் அதன் சட்டம் கோயில் வளவில் கிடந்தது. துணி போய்விட்டது. எடுத்து வந்து பின்னால் போட்டேன். கோழிகள் குடியேறிவிட்டன. தன்னாமுனையில் ஒரு தச்சர் முதிரை மரத்தில் புதுக் கதிரை செய்து வைத்திருந்தார். அதற்காக ஒவ்வொரு போகமும் நெல் விற்ற காசில் கொஞ்சம் கிள்ளி, ஒரு பழைய சொக்ஸுக்குள் போட்டு, கூரை வளை மரத்துக்கு இடையில் செருகிவந்தேன்.

இந்த நேரத்தில்தானா பாதை திறக்க வேண்டும்?

"இஞ்சருங்க, பாத துறந்திட்டாம்," என்றாள் சீதேவி, மீன் வெட்டிக்கொண்டே. கத்தி நிற்கவில்லை.

"ஓம், கேள்விப்பட்டன். சனம் நெருக்குப்படும். உனக்கு ஏலா. நானே போய் வாங்கிட்டு வாறன்."

அவள் மறுக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காத்தான்குடியில் றவூப்பின் புடவைக்கடைக்குப் போனேன்.

"றவூப், கொழும்புச் சீல மாதிரி ஒண்டு வேணும்."

"கொழும்புக்கே நாமதானே அண்ணே அனுப்புற."

"வெல கொறவா இரிக்கணும்."

"ஆருக்கு?"

"வீட்டுக்கு."

"அண்ணிக்கா? வெல கொறவாவா? பொறகு என்னச் சாட்சிக்குக் கூப்பிடப்படா, சொல்லிட்டன்."

கிளிப்பச்சையில் மாங்காய்க் கரை போட்ட ஒன்றை எடுத்தேன். நல்ல தடிப்பு. றவூப்பின் மாமனார் கல்யாணத் தொப்பி வாங்கிய விட்மோர் பெட்டியொன்று அவன் வீட்டு அலுமாரியில் கிடந்தது. பொன் எழுத்து. அதையும் கெஞ்சி வாங்கினேன். பிறகு கரடியனாற்றில் ஒரு சிநேகிதனின் வயல் வட்டைக்குப் போய், காவல் வாடியில் படுத்து, எருமைத் தயிரும் தின்று, கொழும்பு போய்வந்தவன் மாதிரிக் களைத்து வீடு வந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் சீதேவியின் கண் கலங்கிவிட்டது.

"நெசமா விட்மோருக்குப் போனீங்களா?"

"பின்ன? வாசல்ல செருப்பக் கழட்டணும், கோயில் மாதிரி. லிப்ட் எண்டு ஒரு பெட்டி மேல தூக்கும். அதுக்குள்ள இருத்தித் தேத்தண்ணி தருவானுகள்."

"லிப்டுக்குள்ளயா?"

"கிழங்கு ரொட்டியும்."

தலைப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோசம். எனக்கு நெஞ்சுக்குள் முள் குத்தியது. கதிரையை நினைத்து முள்ளைப் பிடுங்கினேன்.

அடுத்த நாள் அவள் சொன்னாள்: "சீல நல்லம். கரைதான் கண்ணுக்குப் புடிக்கல்ல. பெரிய கடைல மாத்தித் தருவானுகளாம். வெளிக்கிடுங்க. பாத துறந்துதானே கிடக்கு."

"இந்த ஒண்டுக்காகவா அவ்வளவு தூரம்?"

"உங்களத்தான் அங்க ஆக்களுக்குத் தெரியுமே."

ரயிலில் ஏறினோம். பெட்டி அவள் மடியில். வீட்டில் விட்டுவரப் பயந்து எடுத்த சொக்ஸ் என் சேட்டுக்குள். கொழும்பு போய்ச் சேரக் கூடாதென்று நான் கொக்கட்டிச்சோலைச் சிவனாருக்கு ஆயிரம் தேங்காய் நேர்ந்தேன். ரயில் தடம் புரண்டாலும் பரவாயில்லை, ஆருக்கும் காயமில்லாமல் புரளட்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அது நேரத்துக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.

விட்மோரின் வாசலுக்கு முன்னால் சீதேவி நின்றாள்.

"கழட்டுங்க."

"என்னத்த?"

"செருப்ப. நீங்கதானே சொன்னீங்க."

வெள்ளை உடுப்புக் காவலாளி பார்த்துக்கொண்டு நிற்க, நாங்கள் இரண்டு பேரும் செருப்பைச் சுவரோரம் சோடி சேர்த்து வைத்தோம். கம்பளத்துக்குள் கால் கணுக்கால் வரை புதைந்தது. மேலே பூங்கொத்து மாதிரி விளக்கு. எங்கும் அத்தர் வாசம். லிப்டுக்குள் நின்ற பொடியனிடம் சீதேவி பணிவாகக் கேட்டாள்: "தம்பி, தேத்தண்ணி எப்ப வரும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"கிழங்கு ரொட்டி இல்லாட்டியும் பரவால்ல," என்றாள் அவள்.

சேலைப் பகுதியில் நின்றது மேனுகா என்று சட்டையில் பெயர் குத்திய தமிழ்ப் பிள்ளை. பெட்டியைக் கண்டதும் அவள் கண் அகன்றது.

"ஐயா, இது எங்க கிடைச்சது? இந்தப் பெட்டி எங்க தாத்தா காலத்தோட நிப்பாட்டினதாச்சே!"

இரண்டாம் சுனாமி வருகிறது. இந்த முறை என் மனைவியின் பக்கத்திலிருந்து என்று முடிவுகட்டினேன்.

"எங்கட பரம்பரைப் பெட்டி மகள்," என்றாள் சீதேவி, அமைதியாக.

ஒருமுறை கடலிலிருந்து இழுத்தவள், இப்போது கம்பளத்திலிருந்தும் இழுத்துவிட்டாள். ஆனால் பெட்டியைத் திறக்கிறாளே! கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால், உள்ளே கிளிப்பச்சையைக் காணவில்லை. கிழிந்த கூறைச்சேலையின் பாதி, கடலுப்புக் கறையோடு மடித்து இருந்தது.

"இந்தக் கரை மாதிரி ஒரு கூற வேணும் மகள். இந்த மனிசன இழுத்தெடுத்த சீல இது."

மேனுகா அந்தத் துண்டை இரண்டு கையாலும் வாங்கினாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கடையின் மூலைமுடுக்கெல்லாம் தேடி, அதே அரக்கு நிறத்தில், அதே கரையில் ஒன்றை விரித்தாள்.

நான் சீதேவியின் காதுக்குள், "பச்சச் சீல எங்க புள்ள?"

"அது றவூப் தம்பிட கடச் சீல. நானும் புஸ்பமும் எத்தின தரம் விரிச்சுப் பாத்து வேணாமெண்டு வெச்சது. தலைப்பில கிடந்த வெத்திலச் சுண்ணாம்பு விரலடையாளம் என்ட."

"அப்ப அழுதாயே?"

"ஐஞ்சு வருசம் கழிச்சாவது ஏமாத்துறதுக்கு இவ்வளவு பாடுபட்டீங்களே எண்டு அழுதன். இப்ப அந்தச் சொக்ஸ எடுங்க."

"எந்தச் சொக்ஸ்?"

"உங்கட சேட்டுக்குள்ள, நெஞ்சுக்கு நேர புடைச்சுக்கொண்டு கிடக்கே, அது. ஊடு என்ட. வளையும் என்ட. வளைக்குள்ள இரிக்கிறது எனக்குத் தெரியாதா?"

எடுத்தேன். முதிரைக் கதிரை ஒவ்வொரு காலாக மேசையில் இறங்கியது. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவள் அந்தக் கூறையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, தட்டின்மேல் நின்ற அதே முகம் தெரிந்தது. அன்று அவள் கை விட்டிருந்தால் இந்தக் கதை சொல்ல ஆளில்லை. காசு போனது வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பொய் சொல்லக் கூடாதல்லவா? கொஞ்சம்தான் வலித்தது.

வெளியே வந்தால் செருப்புகள் அப்படியே இருந்தன. காவலாளி ஒரு சல்யூட் அடித்தார்.

வீடு வந்து சேர்ந்தோம். படலையைத் திறந்தவன் அசையாமல் நின்றுவிட்டேன். முன்விறாந்தையில் என் பழைய கதிரைச் சட்டம்! கோழி எச்சம் கழுவி, எண்ணெய் பூசி, பளபளவென்று. நாங்கள் போனபிறகு புஸ்பம் செய்து வைத்தாளாம், சீதேவி சொல்லிவிட்டுப் போனபடி. நடுவில் தடிப்பான துணியும் போட்டிருந்தது. விழுந்தேன் அதில். கண்ணீர் வந்துவிட்டது.

"சீதேவி, நீ தெய்வம். துணி எங்க வாங்கினாய்?"

"நான் வாங்கல்ல. நீங்க வாங்கினது."

எழும்பிப் பார்த்தேன். கிளிப்பச்சை. மாங்காய்க் கரை.