மூன்று பளபளப்பு, ஒரு மங்கல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டைல்ஸ்காரர் ஒரு மாபெரும் முடிவோடு எழுந்தார். அன்று மனைவியின் பிறந்த நாள். அவள் எழுந்து வருவதற்குள் அவளுடைய காரின் நான்கு சக்கரங்களையும் தன் கையாலேயே பளபளப்பாக்கிவிட வேண்டும். கடையில் பரிசு வாங்கினால் "பில் இருக்கா, மாத்திக்கலாமா?" என்று கேட்பாள். உழைப்பைக் கொடுத்தால் எந்தக் கடையில் போய் மாற்றுவாள்?

முடிவில் தப்பில்லை. முடிவெடுத்த ஆள்தான் சரியில்லை. வீட்டில் அவர் கை பட்ட சாமான் எதுவும் உருப்பட்டதில்லை. மிக்ஸியைப் பிரித்து மாட்டினார். இரண்டு திருகாணி மிச்சம் வந்தது, மிக்ஸி பழைய நிலைக்கு வரவில்லை. குழாயை இறுக்கினார், பக்கத்து வீட்டுக்காரர் வரை நனைந்தார்.

அதிலும் இந்தச் சக்கரங்கள் அவளுக்கு உயிர். பல் டாக்டரான அவள் சொந்தமாகக் கிளினிக் வைத்த பிறகு தனக்கென்று வாங்கிய முதல் கார் அது. சக்கரக் கடையில் ஒரு மத்தியானம் முழுக்க நின்று பார்த்தாள். வெள்ளிப் பெயின்ட் அடித்தது இருந்தது. கறுப்பு அடித்ததும் இருந்தது.

"கறுப்பே எடும்மா, அழுக்கு தெரியாது" என்றார் இவர்.

"அழுக்கு தெரியணுங்க. தெரிஞ்சாத்தானே துடைப்போம்?"

சொன்னபடியே, பெயின்ட், பூச்சு எதுவும் இல்லாமல் அலுமினியத்தையே தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சக்கரங்களை எடுத்தாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் லேசான சோப்புத் தண்ணீரில் அவளே கழுவித் துடைப்பாள். இவரைத் தொட விட்டதில்லை. அதுதான் அவருக்கு உள்ளூர வலித்தது. பிரியமான ஒரு பொருளைக்கூட தன்னை நம்பிக் கொடுக்கமாட்டாளா?

டைல்ஸ் கடை வைத்திருப்பவருக்குப் பளபளப்பு என்றால் ஒரே மருந்துதான் தெரியும். தரையில் சிமென்ட் கறையை எடுக்கிற ஆசிட். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர், அதை முன் இடது சக்கரத்தில் தாராளமாக ஊற்றினார். லேசாகப் புகைந்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார். கழுவிப் பார்த்தால் சக்கரம் சாம்பல் பூத்து வெளுத்திருந்தது. மறுபடி ஊற்றித் தேய்த்தார். இன்னும் வெளுத்தது.

பாட்டிலைப் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளிப்பதற்குள் மனைவி காபியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆசையில் அவர் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"நகருங்க."

"எதுக்கும்மா?"

"சக்கரத்தைப் பாக்கணும்."

நகர்ந்தார். வேறு வழி இல்லாதபோது வியாபாரி வியாபாரத்தில்தான் இறங்குவான்.

"பிறந்த நாளுக்கு என் பரிசு. மேட் ஃபினிஷ்."

"அப்படியா?"

"பளபளப்பெல்லாம் பழசும்மா. இப்ப எல்லாரும் மேட்தான் கேக்குறாங்க. கண்ணு கூசாது, கறை தெரியாது, வழுக்காது."

"இது நீங்க பாத்ரூம் தரைக்குச் சொல்றதாச்சே."

"தரைக்கே நல்லதுன்னா சக்கரத்துக்கு இன்னும் நல்லதுதானே?"

அவள் குனிந்து விரலால் தடவினாள். மோந்து பார்த்தாள். ஆசிட் அரித்த பல்லைத் தினமும் பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"நல்லாத்தாங்க இருக்கு."

"இருக்கா?" அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ம். அப்ப மிச்சம் மூணையும் இதே மாதிரி பண்ணிடுங்க. கிளினிக்ல ஒருத்தர் பல்வலின்னு துடிக்கிறாராம், நடந்தே போயிட்டு வந்துடறேன். சாயங்காலம் நாம வெளிய கிளம்புறப்ப நாலும் ஒண்ணு போல இருக்கணும்."

போய்விட்டாள். இவர் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார்.

பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு இரண்டாவது சக்கரத்தின் முன் உட்கார்ந்தார். அதில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. அசடு வழிவதுகூடத் தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் துடைத்து முடித்ததும் அவள் இதில் பார்த்துத்தான் நெற்றி முடியை ஒதுக்கிக்கொள்வாள். அதை அவர் ஜன்னல் வழியே பார்ப்பார். வாரத்தில் அவருக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான், அவளிடம் சொன்னதில்லை. இதில் எப்படி ஆசிட் ஊற்றுவது? மனசு வரவில்லை. பாட்டிலை மூடினார். வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம், திட்டினால் திட்டட்டும்.

அந்த நேரம் எதிர்வீட்டு அண்ணன் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும் என்பதால் தெருவில் அவருக்கு 'ஹார்ன்' என்று பெயர். கையில் ஒரு டப்பாவும் மெத்தென்ற துணியும் இருந்தன.

"தம்பி, இது அலுமினியம் தேய்க்கிற பாலீஷ். வீட்ல சும்மா கிடந்துச்சு. கொஞ்சமா தொட்டு விடாம தேய்ச்சா மங்கல் போயிடும்."

"மங்கிப்போச்சுன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. உன் வீட்டுக்காரம்மா குடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்லவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

தெரு முழுக்கக் கேட்டது.

"வேற என்ன சொல்லக் கூடாதுன்னாங்க?"

"'பாவம், ஆசையா பண்ணியிருக்கார், திட்டினா மனசு உடைஞ்சுடும்'னாங்க. அதையும் சொல்லக் கூடாது."

டைல்ஸ்காரர் டப்பாவை வாங்கினார். துணியோடு வெளுத்த சக்கரத்துக்குத் திரும்பினார். தேய்த்தார். தோள்பட்டை கழன்றுவிடும்போல் தேய்த்தார். மத்தியானச் சாப்பாட்டை மறந்து தேய்த்தார். துணி கறுக்கக் கறுக்கச் சக்கரம் வெளுப்பு விட்டு வெளிச்சம் கண்டது. கடைசியில் அதில் அவர் முகம் தெரிந்தது. அவர் கை பட்ட பொருள் ஒன்று முன்பைவிட நன்றாக இருப்பது அதுவே முதல் தடவை.

சாயங்காலம் அவள் வந்தாள். சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். அதில் பார்த்து நெற்றி முடியை ஒதுக்கினாள்.

"மேட் என்னாச்சு?"

"ஃபேஷன் மாறிடுச்சும்மா."

"காலையிலேருந்து சாயங்காலத்துக்குள்ளயா?"

"வேகமான காலம்."

அவள் சிரித்தாள். அவருடைய கறுத்த விரல்களை எடுத்துத் தன் கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"இவ்வளவு நல்லா எனக்கே வந்ததில்லீங்க. உங்களை நம்பி முன்னாடியே குடுத்திருக்கணும்."

அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இனிமே குடு" என்றார், ஆழம் தெரியாமல்.

அவள் நாலடி பின்னால் போய்க் காரை முழுசாகப் பார்த்தாள். பிறகு டப்பாவை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"இப்ப மிச்சம் மூணும்தாங்க மங்கலாத் தெரியுது."