நாற்பதாவது மனப்பூர்வம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேண்டுமானால் அடியில், கையெழுத்துக்குப் பதிலாக நாங்கள் குத்தும் என் பெயர் முத்திரையைக் குத்தித் தருகிறேன். எங்கள் ஒசாகாவில் மனிதன் பொய் சொல்லலாம், முத்திரை சொல்லாது.

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு சக்கரம் அல்ல, ‘விருப்ப ஓய்வு’. எங்கள் தராசுக் கம்பெனி ஒருவரைக்கூட வேலையை விட்டு நீக்கியதில்லை. அவர்களாகவே போனார்கள். அவர்களாகவே போகும்படி பார்த்துக்கொண்டது பணியாளர் பிரிவுத் தலைவனாகிய அடியேன், குராஹாஷி.

அந்த வருஷம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“மார்ச் முடியறதுக்குள்ள நாப்பது பேர் மனப்பூர்வமா போகணும். முப்பத்தொன்பதுல நின்னுச்சுன்னா நாப்பதாவது மனப்பூர்வம் நீங்கதான்.”

முறை எளிது. பின்னால் போய்த் தோளில் மெல்ல இரண்டு தட்டு; ‘கிளம்பலாம்’ என்று அர்த்தம். அதற்குமேல் விளக்கம் கேட்பது எங்கள் ஊரில் நாகரிகம் அல்ல. அப்படியும் புரியாதவருக்கு ஜன்னலோரம் ஒரு மேசை. தொலைபேசி கிடையாது, வேலை கிடையாது. மூன்றே வாரத்தில் விருப்பம் பீறிட்டு வரும்.

தராசுகளைச் சரிபார்க்கும் பிரிவு மொத்தமாக விரும்பிப் போயிற்று. அன்றிலிருந்து எங்கள் தராசில் ஏறிய எல்லோரும் மூன்று கிலோ இளைத்தார்கள். விற்பனை இரட்டிப்பு! “சீரமைப்பின் வெற்றி!” என்று முதலாளி முழங்கினார். ஆள் குறைவு என்பதால் நான் ஒருவனே பத்துப் பேர் அளவுக்குக் கை தட்டினேன்.

மார்ச் முப்பது. எண்ணிக்கை முப்பத்தொன்பது. அலுவலகத்தில் மிச்சம் நானும் ஷியோமி அம்மாவும்தான். அவர் முப்பத்தோரு வருஷமாக எழுத்தர். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே வருஷம். போய்த் தட்டினேன்.

“தட்டறதுதான் தட்டறீங்க, கொஞ்சம் கழுத்துப் பக்கமா தட்டுங்க குராஹாஷி-சான். ரெண்டு நாளா பிடிச்சிருக்கு.”

“ஷியோமி-சான்... உங்க விலகல் கடிதம்...”

“எத்தனை முத்திரை வேணும்?”

“மத்த அஞ்சு பிரிவுத் தலைவருங்களோடதும் வேணும்.”

“கணக்குப் பிரிவு?”

“போயிட்டார்.”

“கிடங்கு?”

“அவரும் மனப்பூர்வமா...”

“அஞ்சு பேருமே போயாச்சு. தலைவர் இல்லாத பிரிவோட முத்திரை மூத்த எழுத்தர் பொறுப்புன்னு விதி எழுதினது யாரு?”

“நான்தான்.”

அவர் இழுப்பறையைத் திறந்தார். ஐந்தும் வரிசையாக இருந்தன.

“தன் கடிதத்துல தானே குத்தக் கூடாதுன்னு எழுதினது?”

“அதுவும்... நான்தான்.”

“அப்போ என் கடிதம் நடக்காதுங்க.” மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “உங்களுது நடக்கும்.”

முதலாளியிடம் ஓடினேன். “விதின்னா விதிதான், குராஹாஷி. எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க!” என்றார்.

ஷியோமி அம்மா என் கடிதத்தில் ஐந்து முத்திரைகளையும் இடப்பக்கம் சாய்த்தே குத்தினார். மேலதிகாரியைக் குனிந்து வணங்கும் பாவனை அது. எங்கள் அலுவலக மரியாதை. என் தோளில் இரண்டு தட்டும் தட்டினார். இதமாகத்தான் இருந்தது.

கடைசியாக ஒரே ஒரு தகவல். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்’ என்ற வரி நாற்பது கடிதங்களிலும் இருக்கிறது. நாற்பதையும் எழுதியது நான்.