தாய்மாமன் வண்டியின் பின்பக்கம்

"பின்னாடி இப்படித் தொங்குதே மச்சான், அப்படி என்னத்தை ஏத்துறே?"

மோட்டார் பனிவண்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தபடி, வண்டி பழுதுபார்க்கிற ஹேய்க்கா கேட்டான். சம்மோல் தன் வண்டியைத் தட்டிக் கொடுத்தான்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. வண்டிக்கு வயசாச்சு."

வண்டிக்கு மூன்று வயது. ஏற்றுவது பனிமான்களுக்கான தீவன மூட்டை. ஆனால் எத்தனை மூட்டை என்று சொன்னால், எத்தனை மான் என்று எதிராளி விரல்விட்டு எண்ணிவிடுவான். வடதுருவத்தை ஒட்டிய எங்கள் பக்கத்தில் ஒருவனிடம் 'உனக்கு எத்தனை மான்?' என்று கேட்பதற்குப் பதில் நேராக அவன் சட்டைப்பையிலேயே கையை விட்டுப் பார்க்கலாம். அதனால் யாரும் கேட்பதில்லை. தொங்குகிற வண்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

அதிலும் இது அந்தக் கணக்கைப் போடக்கூடாத நேரம். அடுத்த வாரம் சனிக்கிழமை இங்காவுக்குக் கல்யாணம். இங்கா ஹேய்க்காவின் மகள், சம்மோலின் தங்கை பெற்ற ஒரே பெண். தாய்மாமன் அவனவன் வசதிக்கேற்ப மான் கொடுக்க வேண்டும். சம்மோல் ஒன்றே ஒன்று கொடுப்பதென்று நவம்பரிலேயே முடிவு செய்துவிட்டான். இருப்பது தெரிந்தால் ஊர் பத்து எதிர்பார்க்கும். பத்து மான்!

ஹேய்க்கா வண்டியின் பின் கைப்பிடியைத் தூக்கி, விட்டுப் பார்த்தான். பிறகு சம்மோலை ஏறி உட்காரச் சொல்லி விரலால் அளந்தான்.

"நாலு விரல் இறங்குனா சரி. இது ஒரு சாண் இறங்குது. பொய் சொல்லாம சொல்லு, எத்தனை மூட்டை?"

"நாலு."

ஒன்பது. ஹேய்க்கா மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் வைத்து, ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கினான்.

"நாலு மூட்டைக்கு இது தாராளம் மச்சான்."

நாலுக்குத் தாராளந்தான். மறுநாள் ஒன்பது மூட்டையோடு காட்டுக்குப் போக உறைந்த ஏரியைக் கடக்கும்போது, ஓடுகிற ரப்பர் பட்டை வண்டியின் அடிவயிற்றில் உரசித் தீய்ந்த நாற்றம் அடித்தது. பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த பிரெட் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"தார்ப்பாய்க்குக் கீழ என்ன சம்மோலு?"

"பழைய சோபாக்கா. காட்டுக் குடிசைக்கு."

வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுத்து, இரண்டு பக்கத்து ஸ்பிரிங்கையும் கடைசிப் படி வரைக்கும் தானே இறுக்கினான். அடுத்த நாள் பாரத்தோடு போகும்போது வண்டி நிமிர்ந்தே நின்றது. திரும்பும்போதுதான் பாரம் இல்லை. பின்பக்கம் கட்டையாக விறைத்து நின்றதால் முதல் மேட்டிலேயே சம்மோலைத் தூக்கி எறிந்தது. பனியில் தலைகீழாகக் கிடந்தவனை பிரெட் அக்காதான் காலைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னைக்கும் சோபாவா?"

"அது... செட்டுக்கா."

வீங்கிய இடுப்போடு ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு, மூன்று மூன்று மூட்டையாகக் கொண்டுபோனான். பின்பக்கம் தொங்கவில்லை. ஆனால் ஏரியைத் தாண்டி ஒரு நாளைக்கு மூன்று நடை. கரையில் இருந்தவர்களுக்கு எண்ணத் தெரியாதா என்ன?

"சம்மோலு, அது எத்தனை பேரு உக்கார்ற செட்டுப்பா?" என்றாள் பிரெட் அக்கா. ஏரி முழுக்கச் சிரிப்பு.

போதாததற்கு, காட்டில் மான்கள் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தன. ஜனவரியில் எங்களுக்குச் சூரியன் உதிப்பதில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வண்டி விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் அவன் தீவனம் கொட்டுவான். இருட்டில் எங்கே கைநீட்டினாலும் முதுகு, எங்கே திரும்பினாலும் கொம்பு. இலையுதிர் காலத்தில் தொலைந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று அவனுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். ஒன்பது மூட்டை பன்னிரண்டானது.

வேறு வழியில்லாமல் மறுபடி ஹேய்க்காவிடமே போனான்.

"மாப்ள, மூட்டை... ஒரு ஆறுன்னு வச்சுக்கோயேன்."

ஹேய்க்கா உடனே எழுந்தான். உள்ளே போய், பாரவண்டிக்குப் போடுகிற தடித்த ஸ்பிரிங் ஜோடியைக் கொண்டுவந்து கையோடு மாட்டினான். பின் ஷாக் அப்சார்பரையும் மாற்றினான்.

"இனி பதினஞ்சு மூட்டை வச்சாலும் அசையாது. வெறும் வண்டியா ஓட்டறப்போ மட்டும் எழுந்து நின்னு ஓட்டு."

"எவ்வளவு ஆச்சு மாப்ள?"

"அட, உன்கிட்டப் போய் வாங்குவேனா? உன் வண்டி ஒரு நாள்கூட நிக்கக் கூடாது மச்சான், அதான் எனக்கு வேணும். தினமும் போறேல்ல? தவறாம போ."

சம்மோலுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு அப்பாவி உண்டா! பாவம், இவன் மகளுக்கு இன்னொரு மான் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வாசலைத் தாண்டுவதற்குள் அந்த மயக்கம் தெளிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை காட்டுக்குப் போய், இருட்டில் தடவித் தடவி, விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்ட ஒன்றைக் கயிறு வீசிப் பிடித்தான். கொம்பில் சிவப்பு நாடா கட்டி, கல்யாண மண்டப வாசலுக்கு இழுத்து வந்தான். ஊர் கூடி நின்றது. பிரெட் அக்கா முன்வரிசையில் நின்றாள்.

"இருக்கறதுல பாதியைக் கொடுத்த மாதிரி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் சம்மோல். "ஏழை மாமன் சீர். மனசாரத் தர்றேம்மா."

நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள். ஹேய்க்கா மட்டும் மானைப் பார்த்தான்; சட்டென்று மண்டபத்துக்குள் நழுவப் பார்த்தான். அதற்குள் இங்கா வாசல் விளக்கடியில் மானின் காதைப் பிரியமாக நிமிர்த்தி, சொந்தக்காரன் யாரென்று வெட்டியிருந்த குறியைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ மாமா, இது அப்பாவோட காதுக்குறியாச்சே! எங்க மானெல்லாம் நவம்பர்லேருந்து உங்க தீவனத்தைத்தான் தின்னுது, அதான் வண்டியை ஓசியில சரிபண்ணித் தர்றேன்னாரே அப்பா, உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"