முதல் மாலைக்காரர்

பட்டாளம் ஆட்சியைப் பிடித்த மறுநாள் காலையில் ஊரில் முதலில் எழுந்திருப்பவர் யார்? பட்டாளத்தார் அல்லர், அவர்கள் படுக்கவே இல்லை. பதவி போன மந்திரி அல்லர். அவரை எழுப்ப இரவே ஆள் போயாயிற்று. பாங்கு சொல்லுகிறவர்கூட அல்லர். பூக்கடைக்காரர்தான். இருட்டுப் பிரிவதற்குள் அவர் கதவைத் தட்டி எழுப்புகிறாரே ஒருவர், கஞ்சி போட்ட தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாக, அவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. முதல் மாலைக்காரர் என்பது இந்த இனத்தின் பெயர். பாகிஸ்தானில் எல்லா மாவட்டத்திலும் விளையும். உரம் வேண்டாம், நீர் வேண்டாம். அடிக்கடி ஆட்சி மாறினால் போதும், தானாகத் தழைக்கும்.

ஜீலம் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் டோக் மலூக் என்ற ஊரில் இந்த இனத்தின் திலகம் ஒருவர் இருந்தார். ராஜா சர்புலந்த் கான். ராஜா என்பது குலப்பட்டம். ராஜ்யம் எங்கே என்று கேட்டால் கொஞ்சம் வேர்க்கடலைக் கொல்லையையும் ஒரு செங்கல் சூளையையும்தான் காட்ட முடியும். ஆனால் சர்புலந்த் என்றால் தலை நிமிர்ந்தவன் என்று பொருள். அந்தப் பெயருக்குக் குறை வரக்கூடாதே என்று, குனிந்து மாலை போட்ட மறுநொடியே நிமிர்ந்துவிடுவார்.

மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார்கள். ராஜா சாஹிப் துறை வைத்தார். வயது வருவதற்குள் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்ட மூத்தவன் ஜஹான்தாத் பட்டாளத்துக்கு. ஒருமுறை கேட்டதை அப்படியே ஒப்பித்த இரண்டாமவன் இனாயத் மதரசாவுக்கு. அண்டை வீட்டுக் கோழியைத் தின்றுவிட்டு, அதே கோழியைத் தேடப் புறப்பட்ட கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய மூன்றாமவன் நவாஸிஷ் அரசியலுக்கு. மூவரும் அப்படியே ஆனார்கள்: மேஜர், மௌலவி, சட்டமன்ற உறுப்பினர். மகளை எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் கொடுத்தார். கணக்கு முடிந்தது.

"நாலு பக்கமும் கூரை எறக்கியாச்சு. இனிமே எந்தத் திசையில அடிச்சாலும் நம்ம வீடு நனையாது" என்பார், மீசையைத் தடவிக்கொண்டு.

வெளிக்கூடத்துச் சுவரில் ஆணி ஒன்றுதான். மாட்ட வேண்டிய ஆட்சியாளர் படங்கள் பெட்டி நிறைய. தொழுகையில் பிரியமுள்ள ஜெனரல் ஆண்டபோது ராஜா சாஹிபின் தாடி மார்பைத் தொட்டது. கோல்ஃப் விளையாடும் ஜெனரல் வந்ததும் அது படிப்படியாகப் பின்வாங்கி மீசைக்குள் தஞ்சம் புகுந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு முதுகுவலி வருவதும் போவதும்கூடத் தலைநகரைப் பொறுத்ததுதான். பள்ளிவாசல் முதல் வரிசையில் அவரைக் கண்டால், மேலிடத்தில் பக்தி ஏறியிருக்கிறது என்று ஊர் புரிந்துகொள்ளும். செய்தித்தாள் எதற்கு?

மாலை போடும்போது சொல்ல அவரிடம் ஒரே ஒரு வசனம் உண்டு. "ஜனாப், இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தோம்." பிரிகேடியருக்கும் அதுதான், பிரிகேடியரைத் துரத்திவிட்டு வந்த மந்திரிக்கும் அதுதான், மின்சார வாரியத்துக்குப் புதிதாக வந்த மேலாளருக்கும் அதுதான். சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்துவிட்டது. ஒருமுறை பழக்கதோஷத்தில் ஒரு சாவு வீட்டிலும் சொல்லிவிட்டார். இறந்தவரின் மருமகன் ஆமாம் என்று தலையாட்டினான் என்பது வேறு விஷயம்.

இப்படியாகக் கூரைக்கடியில் சுகமாக உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு புதன்கிழமை வந்தது.

மாலைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசித்த பெண் பாதி வாக்கியத்தில் காணாமல் போனாள். திரை கொஞ்சம் கறுத்தது. பிறகு தேசபக்திப் பாட்டு வந்தது. எங்கள் நாட்டில் தொட்டில் குழந்தைக்கும் இதற்குப் பொருள் தெரியும்.

"சுக்ரா, பெட்டியை எடு" என்றார் ராஜா சாஹிப்.

"எந்தப் படம்?" என்றாள் அவர் மனைவி சுக்ரா பீபி, அடுப்படியிலிருந்து.

"பேரு இன்னும் சொல்லல. தொப்பி வச்சது ஏதாவது ஒண்ணு எடு. முகத்தைக் காலையில பாத்துக்கலாம்."

மறுநாள் மதியத்துக்குள் எல்லாச் சேதியும் வந்துவிட்டது. மாவட்டத்துக்கு ஒரு கர்னல் நிர்வாகியாக வருகிறார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையை டோக் மலூக் பள்ளிவாசலில் தொழப்போகிறார். விடியுமுன்பே பூக்கடைக்காரரை எழுப்பி ரோஜா மாலை சொல்லிவைத்துவிட்டு வந்திருந்த ராஜா சாஹிப், தலைப்பாகைக்குக் கஞ்சி காய்ச்சச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வாசலில் ஜீப் நின்றது.

இறங்கியவன் மூத்த மகன் மேஜர் ஜஹான்தாத். கூடவே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்.

"வா மகனே, வா. வந்தது நம்ம ஆட்சிதான்" என்று கையை விரித்தார் தகப்பனார்.

"அப்பாஜி, நவாஸிஷைக் கைது பண்ண உத்தரவு."

"யாரு போட்டா? சொல்லு, நான் பேசறேன்."

"மேலேருந்து வந்தது. நிறைவேத்த வேண்டியவன் நான்."

"அப்போ உன்கிட்டயே பேசறேன். விட்டுடு."

"அப்பாஜி..."

"அண்ணனும் தம்பியும் மொதல்ல உக்காந்து சாப்பிடுங்க" என்றாள் சுக்ரா பீபி, உள்ளேயிருந்து வந்த நவாஸிஷையும் பார்த்து. "கைது ஆறிப்போகாது. ரொட்டி ஆறிப்போயிடும்."

கைது செய்ய வந்தவனும் கைதாக வேண்டியவனும் ஒரே தட்டில் கறியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் எலும்பை உறிஞ்சியபடி கேட்டான்: "பாய்ஜான், விலங்கு உண்டா? உண்டுன்னா கடைவீதில வச்சுப் போடுங்க. வீட்டுக்குள்ள போட்டா யாருக்குத் தெரியும்?" சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. நவாஸிஷுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. ஈரச்சுவரைக் கண்டாலே நெஞ்சு விசில் அடிக்கும். மாவட்டச் சிறையில் ஈரமில்லாத சுவர் கிடையாது.

மேஜர் அம்மாவைப் பார்க்காமல் சொன்னான்: "இப்போதைக்கு இந்த வீட்டையே சப்-ஜெயில்னு அறிவிச்சுடறேன். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா சனிக்கிழமை இவனைச் சிறைக்கு மாத்தியாகணும். கர்னல் சாஹிப் ஒரு வார்த்தை சொன்னா மட்டும்தான் இங்கயே வச்சுக்க முடியும்."

"நல்லதாப் போச்சு" என்றார் ராஜா சாஹிப். "நாளைக்கு மாலை போடறப்ப ஒரு வார்த்தை போட்டுவைக்கறேன்."

"நீங்க போக முடியாது அப்பாஜி. வீடு சப்-ஜெயில். உள்ள இருக்கற ஆம்பளைங்க யாரும் வெளியில போகக் கூடாது."

"நானுமா?"

"நீங்களும்."

ராஜா சாஹிப் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் அவர் மாலைக்கு முன்னால் இன்னொருவர் மாலையைக் கழுத்தில் வாங்கியதில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சௌத்ரி அல்லாதித்தா என்று ஒருவர் இருக்கிறார். இருபது வருஷமாக இரண்டாவது மாலை போட்டுப் போட்டுக் கை காய்த்துப்போனவர். அவர் முகம் நினைவில் வந்து சிரித்தது. நாலு பக்கமும் இறக்கிய கூரை, வாசலையே மூடிவிட்டது.

ஓரமாக உட்கார்ந்திருந்த மௌலவி இனாயத் தொண்டையைக் கனைத்தான். "ஜும்மாவுக்குப் போறவனத் தடுக்கறதுக்கு எந்தச் சட்டத்துக்கும் தைரியம் வராது, பாய்ஜான். அதுவும் நேத்து ரேடியோவுல அல்லாஹ் பேரச் சொல்லி ஆரம்பிச்ச ஜெனரலோட சட்டத்துக்கு."

மேஜர் யோசித்தான். "தொழுகைக்கு மட்டும். காவலோட."

ராஜா சாஹிபின் முதுகுவலி அந்த இடத்திலேயே குணமாயிற்று.

வெள்ளிக்கிழமை சுக்ரா பீபி கணவருக்குத் தலைப்பாகையைக் கட்டிவிட்டாள். கட்டி முடித்தும் நுனியை விடவில்லை. "அங்க போயி அந்த ஒத்தை வசனத்த ஒப்பிச்சுட்டு வந்துடாதீங்க. 'என் மகனுக்கு இளைப்பு, வீட்டுலயே வையுங்க.' இவ்வளவுதான். சொல்லுங்க."

"என் மகனுக்கு இளைப்பு, வீட்டுலயே வையுங்க."

"இன்னொரு தடவ."

"சுக்ரா, நான் என்ன பச்சப் புள்ளயா?"

"பச்சப் புள்ளைன்னா நான் ஏன் பயப்படறேன்?"

பள்ளிவாசல் வாசலில் ஊரே நின்றது. சௌத்ரி அல்லாதித்தா விடிந்ததிலிருந்தே முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார், கையில் ஜிகினா வைத்த மாலையோடு. ராஜா சாஹிப் கூட்டத்தின் வாலில் வந்து சேர்ந்தார். ஆனால் அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு காவல் சிப்பாய் குல்பாஸ். துப்பாக்கியைக் கண்டால் கூட்டம் என்ன செய்யும்? வழி விட்டது. விட்டுக்கொண்டே போனது. கடைசியில் சௌத்ரியும் ஓரடி நகர்ந்தார்.

"என்ன ராஜா சாஹிப், அதுக்குள்ள பட்டாளத்துல பாதுகாப்புக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார் வயிறெரிய.

"என்ன பண்றது சௌத்ரி. வேணாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றார் ராஜா சாஹிப். கவனியுங்கள், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இந்த இனத்தின் முதல்தர ஆட்கள் பொய் சொல்லவே மாட்டார்கள்.

கர்னல் இறங்கினார். ராஜா சாஹிப் மாலையோடு முன்னால் போனார். மனசுக்குள் சுக்ரா சொல்லிக்கொடுத்ததை உருப்போட்டபடியேதான் போனார். என் மகனுக்கு இளைப்பு. என் மகனுக்கு இளைப்பு. மாலை கர்னலின் கழுத்தில் விழுந்தது. வாய் திறந்தது.

"ஜனாப், இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தோம்."

தடம் விழுந்த நாக்கு. வண்டி வேறெங்கே போகும்?

"ரொம்ப சந்தோஷம். நீங்க யாருன்னு தெரியலையே?" என்றார் கர்னல்.

ராஜா சாஹிப் வழக்கம்போல நிமிர்ந்தார். பின்னால் குல்பாஸ் பூட்ஸை அடித்து விறைத்து நின்றான். "சார், கைதி, சார்."

"கைதியா? எந்த ஜெயில்?"

"அவரோட வீடு, சார். ஜும்மாவுக்குக் கூட்டிட்டு வந்தேன், சார்."

கர்னல் ராஜா சாஹிபைத் தலைப்பாகையிலிருந்து செருப்பு வரை பார்த்தார். உதடு துடித்தது. பள்ளிவாசல் வாசலில் சிரிக்கக்கூடாது என்று அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "எத்தனையோ பேரப் புடிச்சு அடைச்சிருக்கேன் பெரியவரே. அடைச்சதுக்கு மாலை போட்டவரு நீங்க ஒருத்தருதான்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றி, பெரிய மனிதர்கள் செய்வதுபோல அதை ராஜா சாஹிபின் கழுத்திலேயே போட்டார்.

வாழ்நாள் முழுக்க மாலை போட்டே பழகிய மனிதர். தன் கழுத்தில் ரோஜா எப்படி மணக்கும், ஈரம் எப்படிக் குளிரும் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் குளிர்ச்சியில்தானோ என்னவோ, தடம் விழுந்த நாக்கு ஒரு நொடி தடம் மாறியது. குரல் அவருடையதாகவே இல்லை.

"என் மகனுக்கு இளைப்பு. வீட்டுலயே வையுங்க."

கர்னலின் சிரிப்பு நின்றது. "சரி. வீட்டுலயே இருக்கட்டும். மகனும், நீங்களும்." பிறகு சிப்பாயிடம்: "தொழுகை முடிஞ்சதும் என் ஜீப்புல கொண்டுபோய் விடு. நடக்க விட்டா வழியில இன்னும் யாருக்காவது மாலை போட்டுடுவாரு."

மௌலவி இனாயத் அன்று தொழுகைக்கு முன் ஓதிய குத்பாப் பிரசங்கம், ஆட்சிக்கு வந்தவர்களுக்குப் பணிவதைப் பற்றியது. சென்ற ஆட்சி வந்தபோது ஓதியதும் அதுதான். ஆள்பவர் பெயர் வரவேண்டிய இடத்தில் இருமிச் சமாளித்தான்.

தொழுகை முடிந்து கர்னலின் ஜீப் கடைவீதி வழியாகப் போனது. முன்னால் ராஜா சாஹிப், கழுத்தில் மாலை, பின்னால் துப்பாக்கி. கைதியை ஏற்றிப்போகும் ஜீப்பும் கனவானை ஏற்றிப்போகும் ஜீப்பும் ஒரே நிறம்தானே? மிட்டாய்க்கடைக்காரர் எழுந்து நின்றார். தையல்காரர் சலாம் வைத்தார். சௌத்ரி அல்லாதித்தா ஜிகினா மாலையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டார். ராஜா சாஹிப் கையை உயர்த்தி எல்லாருக்கும் அளவாக ஆட்டினார்.

வாசலில் சுக்ரா பீபி காத்திருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். இங்கயே வச்சுக்கறாங்க."

"மொதல்ல சொன்னீங்களா, ரெண்டாவதாச் சொன்னீங்களா?"

ராஜா சாஹிப் தலைப்பாகையைக் கழற்றினார். "ரெண்டாவதா."

"பரவாயில்ல. வந்து சாப்பிடுங்க."

கதையை இங்கே நிறுத்தியிருந்தால் அவரும் சாதாரண மனிதர்தான். ஆனால் அவர் முதல்தரம் என்று சொன்னோமே.

சப்-ஜெயில் பலகை இறங்கிய பிறகு, கர்னல் ஆண்ட காலமெல்லாம் அந்த வெள்ளிக்கிழமையை அவர் இப்படிச் சொல்வார்: "எத்தனையோ பேரு நின்னாங்க. கர்னல் சாஹிப் தன் கையால எனக்கு மாலை போட்டு, தன் ஜீப்புல வீட்டுக்கு அனுப்பி வச்சாரு." பிறகு ஒரு நாள் பட்டாளம் முகாமுக்குத் திரும்பியது, தேர்தல் வந்தது, மேடை போட்டார்கள். ஒலிபெருக்கி முன் அதே வெள்ளிக்கிழமை எழுந்து நின்றது: "ஜும்மா நாள்ல, அல்லாஹ்வோட வீட்டு வாசல்ல, துப்பாக்கிக்கு முன்னால, கர்னல் முகத்தப் பாத்து 'என் மகன வீட்டுலயே வை'ன்னு சொன்னவன் நான். அதுக்காக என்னை ஜீப்புல ஏத்திச் சிறைக்குக் கொண்டுபோனாங்க." கூட்டம் ஆர்ப்பரித்தது.

மேடையில் பின்னாலிருந்த நவாஸிஷ் காதோரம் முணுமுணுத்தான்: "அப்பாஜி, கைதானது நான்."

"நீ வீட்டுக்குள்ள கைதான. யாரு பாத்தா?" என்றார் தகப்பனார், கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டே.

இரண்டு கதைகள். ஒரே நாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: பழைய மேலதிகாரியோடு நீங்கள் போன ஒரு கார்ப் பயணம் இருக்கும். அவர் இருந்தவரை அதை எப்படிச் சொன்னீர்கள்? அவர் மாற்றலாகிப் போனபின் எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் வீட்டுச் சுவரில் ஆணி எத்தனை, பெட்டிக்குள் படம் எத்தனை? எங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும். அடுத்த முறை இருட்டுப் பிரியும் முன்னே பூக்கடைக்காரர் கதவைத் தட்டப் போகும்போது, பதறாமல் நிதானமாகவே போங்கள். எப்படியும் ராஜா சாஹிபுக்குப் பின்னால்தான் நிற்கப்போகிறீர்கள்.